பதம்

எலும்புத் துணுக்கு தனியே அமிலத்தில் இளகுகிறது.
பையின் சுவர் மட்டும் என்னிடம்.
சீட்டில்: நிரோஷா, 27, ஆம்பூர்.
கீழ்த்தாடை, இடது. கடைவாய்ப் பல்லருகே வீக்கம்.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ
'ஷூ கம்பெனி, தையல்' என்று எழுதி
அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

ஃபார்மலினும் தோல் பதனிடும் சரக்குதான்.
பேரணாம்பட்டில் என் அப்பா தொட்டியில் செய்ததை
நான் குப்பியில் செய்கிறேன்:
புரதத்தைப் புரதத்தோடு முடிச்சுப் போட்டு
அழுகாமல் நிறுத்துவது.
அவர் போட்ட முடிச்சு
செருப்பாகித் தேயும்வரை அவிழாது.
நான் போட்டதை நானே அவிழ்த்தாக வேண்டும்.

அதற்கொரு குக்கர்.
ஐந்து லிட்டர், கைப்பிடி ஆடும்.
சிட்ரேட் கரைசலில் கண்ணாடிகள் கொதிக்க
விசில் வந்தால் தாழ்வாரத்தில் யாராவது
'சாம்பாரா அண்ணா?' என்பார்கள்.
பதினைந்து வருடமாக அதே பகடி.
நானும் சிரித்துவிடுவேன்.

வெளியே வேலூர் கத்திரி வெயில்.
பாலாற்றுப் பாலத்தில் லாரிகள்
தார் இளக ஊர்கின்றன.

கேள்வி சின்னது.
இது வெறும் பையா, பை வேடத்தில் கட்டியா?
பை என்றால் வழித்தெடுத்துத் தைத்துவிடலாம்.
கட்டி என்றால் தாடையில் பாதி போகலாம்,
காலெலும்பை வெட்டி வந்து
தாடை என்று பொருத்துவார்கள்.
வழக்கமான சாயத்தில் இரண்டுக்கும்
அதே ரோஜா, அதே ஊதா.
டாக்டர் செலின் இரண்டு நாள் பார்த்துவிட்டுச்
சீட்டின் ஓரத்தில் எழுதினார்: கால்ரெட்டினின்.

கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சிறு புரதம்.
நரம்புக்குச் சொந்தம்.
பல்லாக முளைக்கப் போய் வழிதவறிய கட்டியில்
பெரும்பாலும் இருக்கும்.
வெறும் பையில் பெரும்பாலும் இருக்காது.
பெரும்பாலும்:
இந்தச் சொல்லை நாங்கள்
உப்பைப் போல அளந்து போடுகிறோம்.

அதே கண்ணாடியின் ஓரத்தில்
எப்போதோ யாருக்கோ அறுத்த குடல்வால்.
அதன் நரம்பணுக்கள் பழுப்பேறினால்தான்
மருந்து வேலை செய்தது என்று நம்பலாம்.
அந்த ஆள் இந்நேரம் சோளிங்கரில்
இட்லி தின்றுகொண்டிருப்பார்,
தன் குடல் இங்கே வாரம் இருமுறை
சாட்சிக் கூண்டேறுவது தெரியாமல்.

செவ்வாய். குடல்வால் பழுப்பானது.
அவள் சுவர் நீலமாகவே நின்றது.
மூச்சு விட்டோம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்று
எனக்குத் தோன்றியது.
டாக்டர் செலினுக்குத் தோன்றவில்லை.
'மிச்சத் துண்டு எல்லாத்தையும் போடுங்க, பூவண்ணன்.'
இன்னும் ஆறு இருந்தன.

புதன்கிழமை வழிதவறி
எங்கள் கதவுக்கே வந்துவிட்டாள்.
கன்னத்தில் துப்பட்டா.
'திங்கக்கிழமை ஷிஃப்டுக்குப் போலாமா சார்?
இன்னும் ரெண்டு லீவு போட்டா
இன்சென்டிவ் போயிடும்.'
ரிப்போர்ட் தருவது இங்கே இல்லை,
இரண்டாவது மாடி என்றேன்.
அவள் விரல் நுனிகளில் பசை காய்ந்து
மஞ்சளாக உரிந்திருந்தது.
லிஃப்டைக் காட்டினேன். படியில் போனாள்.

வியாழன், ஐந்தாம் துண்டு.
ஒரு மூலையில், எள்ளளவு:
ஓரத்துச் செல்கள் பந்திக்கு நிற்பதுபோல் வரிசையாக,
உள்ளே தளர்ந்து நட்சத்திரமாய்க் கிடந்தவை
பழுப்பு.
அவள் தைக்கும் தோலின் நிறம்
என்று எழுதத் தோன்றுகிறது.
இல்லை. அது சாயப்பொடியின் நிறம்.
யார் தாடையானாலும் அதே நிறம்தான் ஏறும்.
டாக்டர் செலின் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மற்ற ஐந்தும் நீலம். அதையும் எழுதினார்.

குக்கரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இரவு சத்துவாச்சாரியில்
பிள்ளையின் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தபடி
'சோறு பதமாச்சா பாருங்க' என்றாள் புனிதவதி.
மேலிருந்து ஒன்று எடுத்தேன்.
அடியிலிருந்து ஒன்று.
ஓரத்தில் ஒட்டியிருந்ததில் ஒன்று,
அதற்கு எதிர்ப்புறம் ஒன்று.
'என்ன, அவ்வளவு பசியா?'